அழுக்கைக் கழித்தால் சூரியன்

காந்தத்தைப் படித்துவிட்டுக் காந்தத்தையே விரட்டும் வேலைக்குப் போனவள் அவள். மருத்துவம் படித்தவர் நோயை விரட்டுவதில்லையா என்று கேட்கலாம். ஆனால் எந்த மருத்துவரும் வாசலில் நின்றுகொண்டு, பெல்ட்டைக் கழற்று, கொண்டை ஊசியை எடு என்று அதட்டுவதில்லை. இவள் அதட்டுவாள். விண்கலம் கட்டும் கூடத்தின் வாசலில் கையில் ஒரு சின்ன அளவுமானியோடு நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை ஒரு தடவு தடவுவாள். சட்டைக்குள் யாராவது ஒற்றை ஊக்கு குத்தியிருந்தாலும் மானி கீச்சிடும். கூடவே அவளும் கீச்சிடுவாள். அதனால் அந்த வளாகத்தில் அவளுக்கு ஊக்கம்மா என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், எல்லோருக்கும் ஊக்கம் கொடுக்கிறவர் போலிருக்கிறது என்று எண்ணி மரியாதையாக அருகில் போவார்கள். கால்சட்டையைக் கையில் பிடித்தபடி திரும்பி வருவார்கள்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்றால், அந்தக் கலம் சூரியனின் காந்தத்தை அளக்கப் போகிற கலம். சூரியன் ஓயாமல் ஊதிக்கொண்டிருக்கிறது. அந்தக் காற்றில் மின்னேறிய துகள்களோடு அதன் காந்தமும் கலந்து வருகிறது. சில சமயம் ஊதுவது போதாதென்று சூரியன் துப்பவும் செய்யும். பூமியைப் போலப் பல மடங்கு பெரிய மேகம் ஒன்றை ஒரே மூச்சில் கக்கிவிடும். அந்த மேகத்துக்குள் இருக்கும் காந்தம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதில்தான் சூட்சுமம் எல்லாம். வடக்கே பார்த்திருந்தால் பூமியின் காந்தம் பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொள்ளும். தெற்கே பார்த்திருந்தால் கதவு திறந்துகொள்ளும். வந்த விருந்தாளி மின்கம்பிகளில் ஏறி உட்கார்ந்து, டிரான்ஸ்ஃபார்மர்களைப் பொசுக்கிவிட்டு, போகிற போக்கில் ஊரையும் இருட்டாக்கிவிட்டுப் போவார். வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று முன்கூட்டிச் சொல்ல, வழியிலேயே ஒரு காவற்காரன் நிற்க வேண்டும். அதற்குத்தான் கலம்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் காற்றில் வரும் காந்தம் அற்பத்திலும் அற்பம். திசைகாட்டியின் முள்ளைத் திருப்புகிற பூமிக் காந்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். கலத்தில் திருகாணி ஒன்று காந்தமேறியிருந்தால் போதும், மானி சூரியனை விட்டுவிட்டுத் திருகாணியின் சுயசரிதையைச் சொல்ல ஆரம்பித்துவிடும். அதனால் மானியைக் கலத்துக்குள் வைக்காமல், வெளியே நீண்ட கை ஒன்றின் நுனியில் வைப்பார்கள். கலத்தையோ ஊக்கம்மாவின் கையில் ஒப்படைப்பார்கள். அவள் ஒவ்வொரு திருகாணியையும் தனித்தனியாகச் சோதித்து, பாதியைக் குப்பையில் போடுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். விதிக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு. ஒவ்வொரு ஒலிபெருக்கியின் முதுகிலும் கனத்த காந்த வளையம். கடையில் அது இறைந்து கிடக்கும். மாலையில் அவர் வீடு திரும்பும்போது சட்டைப் பையில் இரும்புத் தூள் இல்லாத நாளே கிடையாது.

"அங்கயே நில்லுங்க. முதல்ல உதறுங்க."

"உதறிட்டேம்மா."

"இன்னொரு தடவ. அந்த அலமாரிப் பக்கம் மட்டும் போகாதீங்க. அதுல என் ஆபீஸ் துணி இருக்கு."

"கல்யாணம் ஆன நாள்லருந்து போகல. அதுல என்ன கலர்ல துணி இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் அவருடைய தங்கை, அதாவது ஊக்கம்மாவின் நாத்தனார். அவள் காந்தமானி செய்கிறவள். உலகத்தில் அண்ணனுக்குப் பெண் தேடுகிற தங்கைகள் குணம் பார்ப்பார்கள், குடும்பம் பார்ப்பார்கள். இவள் பார்த்தது வேறு. "என் மானிக்கு ஒரு சுத்தமான கலம் வேணும். அதுக்காக அண்ணனைக் குடுத்து அண்ணியை வாங்கினேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். ஒருத்தி துடைக்கிறவள், ஒருத்தி மோந்து பார்க்கிறவள். அண்ணியும் நாத்தனாரும் அடுப்படியில் உரசிக்கொள்வது உலக வழக்கம் என்பார்கள். இவர்கள் அடுப்படியில் ஒரு குறையும் இல்லாமல் பழகினார்கள். உரசலெல்லாம் வானத்தில்தான்.

இந்தக் கலத்தில் நாத்தனார் இரண்டு மானிகளை வைத்திருந்தாள். கையின் நுனியில் ஒன்று, பாதி வழியில் ஒன்று. காரணம் எளிது. சூரியனின் காந்தம் வெகு தூரத்திலிருந்து வருவது, இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். கலத்தின் அழுக்கோ பக்கத்து மானிக்குப் பெரிதாகவும் தூரத்து மானிக்குச் சிறிதாகவும் தெரியும். தூரம் பாதியானால் காந்தம் எட்டு மடங்கு, அதுதான் கணக்கு. ஊக்கம்மாவின் காதில் விழும்படி அவள் இந்த இரண்டாவது மானிக்கு "உளவாளி" என்று பெயர் வைத்திருந்தாள்.

"என் கலத்துல உன் உளவாளிக்கு வேலையே இருக்காது" என்றாள் ஊக்கம்மா.

"வேலை இல்லாம இருந்தா சந்தோஷந்தான் அண்ணி."

சொன்னதோடு ஊக்கம்மா விட்டிருக்கலாம். எல்லோரும் கூடியிருந்த இறுதிக் கூட்டத்தில், "கலத்தோட காந்தம் மானியில தெரிஞ்சா நான் வேலையை விட்டுடறேன்" என்று வேறு சொல்லிவைத்தாள். அடக்கம் அவளுக்குக் கைவராத கலை. வராத கலையை முயலாமல் இருப்பதும் ஒரு நேர்மைதான்.

அந்தக் கலத்திலும் காந்தம் இல்லாமல் தீராத ஒரு சாமான் இருந்தது. எரிபொருள் குழாயைத் திறந்து மூடும் வால்வு. அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு காந்தம் உட்கார்ந்திருக்கும், அதை எடுத்தால் வால்வு செத்தது. முள்ளை முள்ளால் எடுக்க வேண்டியதுதான் என்று, சட்டைப் பொத்தான் அளவு காந்தம் ஒன்றை நேர் எதிர்த்திசையில் வால்வின் மேல் ஒட்டினாள் ஊக்கம்மா. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு சாதுவாயின. காந்தத்தின் ஜென்ம விரோதி தன் கையாலேயே கலத்தில் காந்தம் ஒட்டுகிறாள் என்று கேள்விப்பட்டு வளாகமே வேடிக்கை பார்க்க வந்தது. பொத்தானின் ஒரு பக்கத்தில் அடையாளத்துக்குச் சிவப்புப் புள்ளி வைத்து, குழாய்க்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். எரிபொருள் குழாய்களுக்குப் பொறுப்பானவரை அங்கே குழாய்க்காரர் என்றுதான் சொல்வார்கள்.

"சிவப்பு மேல இருக்கணும். எப்பவும் மேல. உலகமே தலைகீழா போனாலும் இது மேல."

"மனசுல பதிஞ்சாச்சு மேடம்."

ஏவுதளத்துக்குப் போன பிறகு அந்த வால்வு கசிந்தது. குழாய்க்காரர் அதைக் கழற்றிவிட்டு மாற்று வால்வைப் பொருத்தினார். அதுவும் ஊக்கம்மா முன்பே சோதித்த வால்வுதான், பழையதற்கு இரட்டைப் பிறவி. பொத்தானைப் பழைய இடத்திலிருந்து பூப்போல எடுத்துப் புதியதில் ஒட்டி, பொத்தானை மட்டும் கிட்டத்தில் புகைப்படம் எடுத்து அனுப்பினார். கலத்தை முழுசாகச் சோதிக்கிற அறை ஏவுதளத்தில் கிடையாது. படத்தில் சிவப்பு மேலே இருந்தது. ஊக்கம்மா பார்த்தாள், சுத்தம் என்று கையெழுத்திட்டாள். கலம் புறப்பட்டுப் போனது.

போய்ச் சேர்ந்து கையை நீட்டியதும் உளவாளி கூச்சல் போட்டது. நுனி மானி காட்டியது ஒன்று, பாதி வழி மானி காட்டியது அதைப் போலப் பல மடங்கு.

"உன் உளவாளி ஏவறப்ப ஆட்டம் கண்டிருக்கு" என்றாள் ஊக்கம்மா. "கோளாறு அதுல. நுனி மானியை மட்டும் நம்பு."

"உளவாளி நல்லாத்தான் இருக்கு அண்ணி. உங்க கலம் அழுக்கு. பாதி வழியில இவ்வளவு தெரியுதுன்னா, நுனியிலயும் எட்டுல ஒரு பங்கு இருக்கும். அதையும் நம்ப முடியாது."

"என் கலத்தையா அழுக்குங்கற?"

"என் மானியையா கோளாறுங்கறீங்க?"

இது வீட்டிலும் தொடர்ந்தது. நாத்தனார் இரவுச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். கணவர் நடுவில் உட்கார்ந்து, தட்டைத் தவிர வேறெதையும் பார்க்காமல் சாப்பிட்டார். இரண்டு காந்தங்களுக்கு நடுவே மாட்டிய இரும்புத் துண்டு எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று தொழில் முறையில் அறிந்தவர் அவர்.

"என்னங்க, நீங்களே சொல்லுங்க. யார் பக்கம் நியாயம்?"

"குழம்பு நல்லாருக்கு" என்றார் அவர்.

"அண்ணே!"

"குழம்பு யார் வெச்சாலும் நல்லாத்தான் இருக்கு. என்னை விடுங்க ரெண்டு பேரும்."

மறுநாள் காலை தொலைநோக்கி வைத்திருப்பவர்களிடமிருந்து சேதி வந்தது. சூரியன் துப்பிவிட்டது. மேகம் நேராக இந்தப் பக்கம் பார்த்து வருகிறது, ஓரிரு நாளில் வந்துவிடும். அது எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகம் என்றெல்லாம் தொலைநோக்கி சொல்லும். உள்ளே காந்தம் வடக்கா தெற்கா என்பது மட்டும், மேகம் கலத்தைக் கடந்து போகும்போது மானி சொன்னால்தான் உண்டு. அதன் பிறகு அது பூமிக்கு வந்து சேர ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த அவகாசத்துக்குள் மின் விநியோகக்காரர்களுக்கு எச்சரிக்கை போயாக வேண்டும்.

எச்சரிக்கை சும்மா போய்விடாது. இதற்கு முன் இருந்த பழைய கலம் ஒருமுறை தன் சொந்தக் காந்தத்தையே புயல் என்று சொல்லி ஏமாற்றியிருந்தது. மின்சாரக்காரர்கள் பாதி நகரத்தின் மின்சாரத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருக்க, புயல் வரவில்லை, வசவுதான் வந்தது. அன்றிலிருந்து விதி மாறியது. மானி காட்டுவது சூரியனுடையதுதான், கலத்தினுடையது அல்ல என்று காந்தத் தூய்மைப் பொறியாளர் கையெழுத்திட்டால்தான் எச்சரிக்கை வெளியே போகும். ஆக, ஊர் வெளிச்சமாக இருக்குமா இருட்டாகுமா என்பது ஊக்கம்மாவின் பேனாவில் வந்து நின்றது. தவறாக ஆம் என்றால் இனி ஒருவரும் காவற்காரனை நம்பமாட்டார்கள். தவறாக இல்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மர் வேகும்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. சூரியனைப் பார்த்தபடியே கலத்தை மெதுவாகச் சுழற்ற வேண்டும். ராட்டினத்தில் உட்கார்ந்து சுற்றுகிறவனுக்கு ஊர் முழுக்கச் சுற்றுவதாகத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனைவி மட்டும் சுற்றமாட்டாள். அதுபோல, கலம் சுழலும்போது மானிக்கு எது சுற்றுவதாகத் தெரிகிறதோ அது சூரியனின் காந்தம். எது அசையாமல் கூடவே வருகிறதோ அது சொந்தச் சரக்கு. ஆனால் இதைக் காற்று அமைதியாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். புயலில் ஊரே குதிக்கும்போது எது சுற்றுகிறது, எது நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

சுழற்ற அனுமதி தர வேண்டியவர் இயக்க அறையின் தலைவர். எதைக் கேட்டாலும் முதலில் வேண்டாம் என்பார், அதற்குப் பிறகுதான் என்ன கேட்டீர்கள் என்று விசாரிப்பார். அதனால் அவர் பெயரே வேண்டாம் சார்.

"வேண்டாம்" என்றார், ஊக்கம்மா கதவைத் திறந்ததும்.

"நான் இன்னும் எதுவும் கேக்கலியே சார்."

"கேக்கத்தானே வந்திருக்கீங்க."

"கலத்தைச் சுத்தணும் சார். நாளைக்குள்ள."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "புதுக் கலம்மா அது. இப்பத்தான் போய் உக்காந்திருக்கு. சுத்தறப்ப ஆன்டெனா கோணிக்கிட்டுப் பேச்சு மூச்சு இல்லாம போச்சுன்னா யார் பதில் சொல்றது? புயல் போகட்டும். அப்புறம் ஆற அமரச் சுத்தலாம்."

"பரீட்சை முடிஞ்சப்புறம் புத்தகத்தைத் தேடற மாதிரி இருக்கு சார் நீங்க சொல்றது."

அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு நாத்தனாரும் வந்தாள்.

"சார், கலத்தைச் சுத்தணும்."

வேண்டாம் சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே விஷயத்தக் கேக்கறீங்களா?"

"கலம் சுத்தம்னு நிரூபிக்கணும்" என்றாள் ஊக்கம்மா.

"கலம் அழுக்குன்னு நிரூபிக்கணும்" என்றாள் நாத்தனார்.

"அப்ப எதுக்கு ஒண்ணா வந்தீங்க?"

"ஒண்ணா வரல சார்" என்றார்கள், ஒன்றாக.

அவர் மறுபடி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஊக்கம்மா முந்திக்கொண்டாள். "சுத்தலன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார். புயல் வர்றப்ப மானி என்ன சொன்னாலும் சரி. எது யாரோட காந்தம்னு தெரியாம என் பேரை எழுத மாட்டேன். நீங்களே எழுதிக்குங்க."

தன் பெயரை எதிலும் எழுதாமல் வேலை பார்ப்பதையே வாழ்நாள் சாதனையாக வைத்திருந்தவர் அவர். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அண்ணியும் நாத்தனாரும் ஒரே கட்சியில நின்னா எதிர்க்க எனக்குத் தெம்பில்ல. சுத்துங்க. மெதுவா சுத்துங்க."

கலம் சுழன்றது. ஆன்டெனா லேசாகத்தான் கோணியது. பேச்சு நடுநடுவே விட்டுப்போனாலும் மூச்சு நிற்கவில்லை. மறுநாள் முற்பகல், பல சுற்றுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்த கணக்கு திரையில் வந்தது. இயக்க அறையில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து நின்று பார்த்தார்கள்.

சுற்றியது சுற்றியது. அசையாமல் கூடவே வந்தது என்று ஒன்று இருக்கக் கூடாது என்பது ஊக்கம்மாவின் கட்சி. இருந்தது. நுனி மானியிலும் இருந்தது, பாதி வழி மானியிலும் இருந்தது. இரண்டும் ஒரே திசை. ஒன்று இன்னொன்றைப் போல எட்டு மடங்கு. கோளாறான கருவிக்கு இவ்வளவு ஒழுங்காகப் பொய் சொல்ல வராது. கலம் அழுக்கு.

நாத்தனார் வாயைத் திறக்கவில்லை. அதுதான் ஊக்கம்மாவால் தாங்க முடியவில்லை.

"சொல்லித் தொலையேன்."

"என்னத்த அண்ணி?"

"நான் அப்பவே சொன்னேன்லன்னு."

"நான் அப்பவே சொன்னேன்ல."

"போதும்."

திசையை வைத்துக் கணக்குப் போட்டால் அழுக்கு எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்துவிடும். அது வால்வைக் காட்டியது. அளவோ வால்வின் காந்தத்தைப் போல இரண்டு மடங்கு. ஊக்கம்மா குழாய்க்காரரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அந்தப் புது வால்வை எப்படி மாட்டினீங்க?"

"நல்லா இறுக்கி மாட்டினேன் மேடம். ஒரு சொட்டு கசியாது."

"அதில்ல. வால்வோட தலை எந்தப் பக்கம்?"

"கீழ மேடம். கசிஞ்ச வால்வைக் கழட்டினப்ப குழாய் நுனியையும் வெட்ட வேண்டியதாச்சு, நேரா வெச்சா எட்டல. திருப்பிப் போட்டாத்தான் பொருந்துச்சு. ஆனா உங்க பொத்தான் மட்டும்... நீங்க சொன்னது மனசுலயே இருந்துது மேடம். உயிரைக் குடுத்து சிவப்பை மேல வெச்சு ஒட்டினேன்."

"தெரியும். போட்டோவுல பாத்தேன்" என்றாள் ஊக்கம்மா.

வால்வு தலைகீழானபோது பொத்தானும் தலைகீழாகியிருக்க வேண்டும். உலகமே தலைகீழா போனாலும் என்று அவள் சொன்ன வார்த்தையை அந்த மனிதர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியிருந்தார். அழிக்க வேண்டிய காந்தம் அழுக்கை இன்னும் கூட்டிக்கொண்டிருந்தது. ஏனோதானோவென்று ஒட்டியிருந்தால் சரியாக விழப் பாதி வாய்ப்பாவது இருந்திருக்கும். கவனமாக ஒட்டியதால் அதுவும் போனது.

ஊக்கம்மா அறையின் நடுவில் போய் நின்றாள். தோல்வியைக்கூட அவளால் அடக்கமாகச் சொல்ல முடியவில்லை. "எல்லாரும் கேட்டுக்குங்க. கலம் அழுக்கு. நான் கையெழுத்துப் போட்ட அழுக்கு. கூட்டத்துல சொன்ன மாதிரி நாளைக்கு ராஜினாமா தர்றேன்."

"வேண்டாம்" என்றார் வேண்டாம் சார். அந்த வார்த்தைக்காக எல்லோரும் அவரை நன்றியோடு பார்த்தது அதுவே முதல் தடவை. பிறகு கவலையோடு கேட்டார்: "அப்ப மானி செத்துப்போச்சா? புயலுக்குக் கையெழுத்து கிடையாதா?"

"யார் சார் அப்படிச் சொன்னா?" அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது. "நேத்து வரைக்கும் அழுக்கு இருக்கா இல்லியான்னே தெரியாது. இன்னிக்கு எவ்வளவுன்னு தெரியும், எந்தப் பக்கம்னும் தெரியும். கழிச்சுட்டா முடிஞ்சுது. தராசு தினமும் ஒரே அளவு பொய் சொன்னா அது பொய்யே இல்ல சார். கணக்கு."

"நாளைக்கு வேற அளவு பொய் சொன்னா?"

"பொத்தானும் வால்வும் எங்கயும் ஓடிடப் போறதில்ல. கழிச்சுப் பாத்தா ரெண்டு மானியும் ஒரே கதையைச் சொல்லணும். சொன்னா சூரியன். சொல்லலன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

மேகம் மறுநாள் முற்பகலில் கலத்தை வந்து மோதியது. திரையில் எல்லாக் கோடுகளும் ஒரே துள்ளாகத் துள்ளின. சிறிது நேரம் அலையடித்துவிட்டு, நுனி மானியின் கோடு சாவகாசமாகத் தெற்குப் பக்கம் சாய்ந்தது. லேசாகத்தான். வேண்டாம் சாருக்கு உயிர் வந்தது.

"இவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? எச்சரிக்கையே தேவையில்லியே."

"அது கழிக்காத கோடு சார்" என்றாள் நாத்தனார். "கலத்தோட அழுக்கு வடக்கே பாத்து இருக்கு. தெக்கே இருந்து வர்றதை அது பாதி முழுங்கிடுது. கீழ பாருங்க."

கீழே இருந்த கோடு கழித்த கோடு. அது தெற்கே பாய்ந்து, அங்கேயே நங்கூரம் போட்டது போல நின்றது. மேல் கோடு பயப்பட ஒன்றுமில்லை என்றது. கீழ்க் கோடு ஓடு ஓடு என்றது.

"எதை நம்பறது?" என்றார் வேண்டாம் சார். அறையில் இருந்த எல்லோரும் ஊக்கம்மாவைப் பார்த்தார்கள்.

கீழ்க் கோட்டை நம்பச் சொல்வதானால் அவள் எழுத வேண்டிய வாக்கியம் இது: கலத்தின் சொந்தக் காந்தம் கழிக்கப்பட்டது. ஒரு நாளும் எழுத நேராது என்று ஊரறியச் சவால் விட்ட வாக்கியம். அது மின்சாரக்காரர்களுக்குப் போகும், மற்ற நாடுகளுக்குப் போகும், தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் படிப்பார்கள். அவள் அதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

"உளவாளியைப் போடு" என்றாள்.

நாத்தனார் பாதி வழி மானியின் கோட்டைத் திரையில் போட்டாள். கழிக்காமல் பார்த்தால் அது வடக்கே எங்கோ உச்சாணியில் நின்றது, இந்தப் புயலுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல. அதிலிருந்து அதன் எட்டு மடங்கு அழுக்கைக் கழித்தாள். கோடு சரசரவென்று கீழே இறங்கி வந்து, நுனி மானியின் கழித்த கோட்டின் மேல் உட்கார்ந்தது. துள்ளலுக்குத் துள்ளல், நெளிவுக்கு நெளிவு. வேறு வேறு நிறத்தில் போட்டிருந்தும் ஒரே கோடாகத்தான் தெரிந்தது.

"அண்ணி..." என்றாள் நாத்தனார். "ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு."

"தெரியுது."

"என் மானி ரெண்டும் நல்லாருக்கு."

"தெரியுதுன்னு சொல்றேன்ல. பேனாவைக் குடு."

அவள் கையெழுத்திட்டாள். எச்சரிக்கை போனது. மின் விநியோக அறையில் பொறுப்பிலிருந்த அம்மாள் திரும்பக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "போன தடவை மாதிரி இல்லியே?" "இல்ல. இந்தத் தடவை எங்க அழுக்கை நாங்களே எடுத்துட்டுத்தான் சொல்றோம்" என்றாள் ஊக்கம்மா. அந்தப் பதில் ஏனோ அந்த அம்மாளுக்குப் பிடித்துப்போனது. சுத்தம் என்று சொல்கிறவர்களைவிட, இவ்வளவு அழுக்கு என்று சொல்கிறவர்களை நம்புவது சுலபம். பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த கம்பிகளைச் சேர்த்துக்கொண்டார்கள், சுமையைப் பிரித்துவிட்டார்கள், வயதான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை ஓய்வில் விட்டார்கள்.

பிறகு காத்திருப்பது. எச்சரித்தவர்களுக்கு இதைப் போல ஒரு தர்மசங்கடம் வேறில்லை. புயல் வரக்கூடாது என்று வேண்ட வேண்டும். வராவிட்டால் மானம் போகும். இயக்க அறையில் அன்று எந்தப் பக்கம் வேண்டினார்கள் என்று விசாரிப்பது நாகரிகமல்ல.

வந்தது. நிலத்தில் பூமியின் காந்தத்தைக் காவல் காக்கிற நிலையங்களின் கோடுகளில் முதலில் ஒன்று, அடுத்து ஒன்று, பிறகு வரிசையாக எல்லாமே ஒரு பக்கமாகச் சரிந்தன. கழித்த கோடு சொன்ன அளவுக்குச் சரிந்தன. வேண்டாம் சார் நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினார். தான் எதற்கும் ஏறி நிற்கிற ஆளில்லை என்பது பாதி தட்டியபின்தான் நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. இறங்காமலே மீதியையும் தட்டினார். நாத்தனார் அண்ணியைக் கட்டிக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் கல்யாணத்தன்றுகூட நடக்காதது அது.

மாலையில் மின் விநியோக அறையிலிருந்து அந்த அம்மாள் மறுபடி கூப்பிட்டார். நகரத்தில் ஒரு விளக்கும் அணையவில்லை.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு கூப்பிட்டேன். கம்பியில எவ்வளவு கரன்ட் ஏறுச்சுன்னு இப்பத்தான் பாத்து முடிச்சோம். ஓய்வுல விட்டோமே, அந்தப் பழைய டிரான்ஸ்ஃபார்மர்... ஓடிட்டு இருந்திருந்தா வெந்திருக்கும். அதோட ரெண்டு ஆஸ்பத்திரி, ரயில் பாதை எல்லாம் போயிருக்கும். மாத்தறதுக்கே ஒரு வருஷம் ஆகும் மேடம். உங்களாலதான் தப்பிச்சோம்."

அடக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தில், என் கடமையைத்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள் ஊக்கம்மா. தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறையின் நடுவுக்குப் போனாள். நாத்தனாரை, வேண்டாம் சாரை, வீட்டுக்குக் கிளம்பப் பையை மாட்டிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் கையைக் காட்டி நிறுத்தினாள். தொலைபேசியை அவர்கள் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

"இப்ப சொன்னீங்களே, அதை இன்னொரு தடவ சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."